பெரியவரின் பாதி

விலை பேசுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வாயைத் திறந்து பேசுகிறவர்கள் ஒரு ரகம். வாயை மூடிக்கொண்டே பேசுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தை எப்படியாவது சமாளித்துவிடலாம். இரண்டாவது ரகத்திடம் மாட்டியவன் பாடுதான் திண்டாட்டம். அந்தப் பெயிண்ட் கடையின் பெரியவர் இரண்டாவது ரகம். வந்தவர் ஒரு விலை கேட்பார். பெரியவர் பதிலே பேசாமல் டப்பாவின் மூடியை ஒரு துணியால் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார். கேட்டவருக்கே, ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது போலக் கூச்சமாகிப்போய், தானாக ஒரு படி ஏறுவார். துணி நிற்காது. இன்னொரு படி ஏறுவார். மூடி பளபளக்கும்போது வியாபாரம் படிந்திருக்கும்.

ஆயுசில் யாருடைய முதல் வார்த்தைக்கும் அவர் 'சரி' என்று சொன்னது கிடையாது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதே "பாக்கலாம்" என்றுதான் சொன்னாராம். "இன்னும் பாத்துட்டுத்தான் இருக்காரு" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போனபோது, வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல், 'சரி'.

தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. வலிக்கிறதா, சரி. விளக்கை அணைக்கட்டுமா, சரி. டாக்டர் புரியும்படியாகத்தான் சொன்னார். "உள்ள எல்லாம் வெளங்குது. சொல்ல நெனைக்கறதும் ஒழுங்காத்தான் கெளம்புது. வழிதான் அடைச்சுப் போச்சு. எங்க போற வண்டியா இருந்தாலும் இந்த ஒரே ஸ்டாப்புலதான் வந்து நிக்கும்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பிக்கு, அதாவது கடையின் சின்னவருக்கு, குபீரென்று சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. இனிமேல் மனம் மாறிப் பேச நினைத்தாலும் ஒரு பக்கத்துக்கு இருப்பு ஒரே சொல்.

அவர்கள் அப்பா அந்தக் கடையை விட்டுவிட்டுப் போனபோது, கடையின் ஷட்டருக்கு இரண்டு பூட்டையும் விட்டுவிட்டுப் போனார். இடது பூட்டின் சாவி பெரிய மகனிடம். வலது பூட்டின் சாவி சின்ன மகனிடம். ஒருவர் வராமல் இன்னொருவர் கடையைத் திறக்க முடியாது. "என்னங்க, பெத்த பிள்ளைங்க மேலயே சந்தேகமா?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்டாராம். அதற்குக் கிழவர் சொன்ன பதில் அந்தத் தெருவில் பிரசித்தம். "சந்தேகம் இருந்தா எவன் கையிலயும் சாவியே குடுத்திருக்க மாட்டேனே. ரெண்டு பேரும் தெனமும் காலையில ஒருத்தன் மூஞ்சியில ஒருத்தன் முழிக்கணும். அதுக்குத்தான் பூட்டு."

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளில் இந்தப் பூட்டு அதற்குள்ளும் புகுந்துகொண்டது.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பொருத்தியவர் பக்கத்துத் தெருவில் ரிப்பேர்க்கடை வைத்திருப்பவர். எந்தக் கோளாறைச் சொன்னாலும் "வைரஸ் சார்" என்றே சொல்வதால் தெருவே அவரை வைரஸ் என்றுதான் கூப்பிடும்; அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஒயரெல்லாம் மாட்டி முடித்துவிட்டுக் கேட்டார்.

"சார், இதுக்கு ஒரு அட்மின் வேணும். நிர்வாகி. பில்லு போடறது, கலர் பாக்கறதெல்லாம் யாரு வேணா செய்யலாம். ஆனா உள்ள போய் செட்டிங் மாத்தணும், புதுசா ஒரு புரோகிராம் ஏத்தணும், அட, கடிகாரத்தைத் திருத்தணும்னாகூட அட்மின் பாஸ்வேர்டு கேக்கும். உங்கள்ல யாரு அட்மின்?"

சின்னவர் கலர் அட்டைகளை அடுக்கினார். பெரியவர் டப்பா மூடியைத் துடைத்தார்.

"ரெண்டு பேரும்" என்றார் பெரியவர்.

"பாஸ்வேர்டு ஒண்ணுதான் சார் இருக்கும்."

"ஷட்டரும் ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பூட்டு போடலியா? மொதப் பாதியை அவன் அடிக்கட்டும். மிச்சப் பாதியை நான் அடிக்கறேன். கடைசியில என்டர்னு அந்தப் பெரிய பட்டனை நான் அமுக்கறேன்."

"ஒருத்தர் அடிக்கறப்ப இன்னொருத்தர்?"

"சுவத்தைப் பாக்கட்டும்."

வைரஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "எத்தனையோ கூட்டு வியாபாரம் பாத்திருக்கேன். கூட்டுப் பாஸ்வேர்டு இப்பத்தான் சார் பாக்கறேன்."

பெரியவர் வாசலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சின்னவர் தன் பாதியை அடித்தார். பிறகு சின்னவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். முதுகுக்குப் பின்னால், பெரியவர் வலது கையால் ஒரு கலர் அட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, இடது கையின் ஒற்றை விரலால் டக், டக், டக் என்று அடிப்பது கேட்டது. நிதானமாக, நீளமாக அடித்தார். 'பாதின்னு பேரு. அதுலயும் கூடுதல் பங்கு' என்று சின்னவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கம்ப்யூட்டர் இன்னொரு முறை கேட்டது. இன்னொரு முறை இருவரும் மாறி மாறி அடித்தார்கள். ஏற்றுக்கொண்டது.

மனஸ்தாபம் வந்தது கடையால் இல்லை, வீட்டால். அப்பாவின் வீட்டைப் பிரிக்கும்போது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். மாடிப்படி யார் பக்கம் என்பதில் ஆரம்பித்துப் பேச்சு தடித்தது. "உனக்கு வேண்டியதுக்கு மட்டும் நீ அண்ணன்" என்றார் சின்னவர். "நீ எதுக்குமே தம்பி இல்ல" என்றார் பெரியவர். அதுதான் கடைசி நேர்ப்பேச்சு. அந்தச் சுவருக்கு யாரும் வண்ணம் அடிக்கவில்லை. தன் பக்கத்துக்கு முதலில் அடிக்கிறவர் சுவரை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டார்கள். ஊருக்கெல்லாம் வண்ணம் விற்கிறவர்கள் வீட்டு நடுச்சுவர் வெறும் சிமெண்டாகவே நின்றது.

கடையில் தபால் மூலம் பேசிக்கொண்டார்கள். தபால்காரர், ஏணி. கடையின் ஒரே வேலையாள். ஆறடியைத் தாண்டி வளர்ந்தவர். மேல்தட்டு டப்பாவை நின்ற இடத்திலேயே எட்டி எடுப்பதால் அந்தப் பெயர்.

"ஏணி, வெள்ளை தீந்துபோச்சுன்னு அங்க சொல்லு" என்பார் பெரியவர், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தம்பிக்கு.

"தெரியும்னு சொல்லு" என்பார் தம்பி.

"மொதலாளி, கழுத்து தேயுது. அதுக்குத் தனியாச் சம்பளம் போடுங்க" என்பார் ஏணி.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் அல்லவா? கான்ட்ராக்டர்கள் சின்னவரிடம் வந்து "பெரியவர் கொறைச்சுத் தர்றேன்னாரே" என்பார்கள். பெரியவரிடம் போய் "சின்னவர் ஒத்துக்கிட்டாரே" என்பார்கள். இரண்டு பேருமே மறுத்துக் கேட்க வழியில்லாமல் பல்லைக் கடிப்பார்கள். காலையில் ஷட்டர் முன்னால் சந்தித்தார்கள்தான். ஆளுக்கொரு பூட்டைக் குனிந்து திறந்தார்கள்; குனிந்த தலை நிமிரவில்லை. அப்பாவின் ஏற்பாடு அங்கே பலிக்கவில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் அவர்களை அப்படி விடவில்லை. செட்டிங்கில் கை வைத்தால் போதும், திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும்: நிர்வாகி பாஸ்வேர்டு. இரண்டு ஸ்டூலையும் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தே ஆக வேண்டும். சின்னவர் தன் பாதியை அடித்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்புவார். பெரியவர் ஆரம்பிப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தில், பெரியவர் கீபோர்டிடம் பேசுவார்.

"உன் பொண்ணு சின்னக்குட்டிக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன்." டக். டக்.

"விட்டுடுச்சு" என்பார் சின்னவர், அலமாரியிடம்.

"மருந்தைப் பாதியில நிறுத்தக் கூடாது." டக்.

"தெரியும்."

"தெரியும் தெரியும்னே பாதி ஆயுசை ஓட்டிட்ட." டக். டக்.

பிறகு பெரிய பட்டன். பெட்டி மறையும். ஸ்டூல் பழைய இடத்துக்குப் போகும். மறுபடி ஏணியின் கழுத்துக்கு வேலை.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கோளாறு உண்டு. கடிகாரம் பின்தங்கும். திருத்தி வைத்தாலும் சில நாளில் மறுபடி பின்தங்கும். பெயிண்ட் வாங்க வருகிறவன் எவனும் கம்ப்யூட்டர் மூலையில் மணி பார்ப்பதில்லை. ஆனால் பெரியவருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. "ஏணி, கடிகாரம் பின்னாடி போயிடுச்சாம்னு அங்க சொல்லு. வந்து அடிச்சுட்டுப் போகட்டும்." சின்னவருக்கு எரிச்சலாக வரும். கையில் வேலை, எதிரில் ஆள், இவருக்குக் கடிகாரம்! முணுமுணுத்துக்கொண்டே வருவார், தன் பாதியை அடிப்பார், திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் மட்டும் வரவில்லை. கலர் மிஷினில் ஒரு வாளி கலந்துகொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை தப்பிப்போன நிறம். "ரெண்டு நிமிஷம் பின்னாடி போனா குடி ஒண்ணும் முழுகிடாதுன்னு சொல்லு, ஏணி. எனக்கு வேலை இருக்கு."

ஏணி சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை. பெரியவர் அதற்குள் இரண்டு ஸ்டூலையும் போட்டு, திரையில் பெட்டியையும் வரவழைத்துவிட்டு, கையில் கலர் அட்டையோடு உட்கார்ந்திருந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு பெட்டியை மூடினார். ஒரு ஸ்டூலைத் தூக்கி ஓரமாக வைத்தார். வெயில் தாழ்வதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஷட்டரின் இடது பூட்டு திறக்க ஆளில்லாமல் தொங்கியது.

*

ஷட்டருக்கு வழி பிறந்துவிட்டது. பெரியவர் வாதத்தில் படுத்துவிட, அண்ணி சாவியை ஏணியிடம் கொடுத்தனுப்பினாள். ஏணி ஒரு பூட்டும் சின்னவர் ஒரு பூட்டுமாகத் திறந்தார்கள். கடை ஓடியது. கடிகாரம் பின்தங்கியது, அதைக் கேட்க யாரும் இல்லை.

பிறகு பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் மிஷினில் ஊற்றும் சாயங்களை மாற்றினார்கள். மிஷினை ஓட்டும் கம்ப்யூட்டரில் புதுச் சாயத்துக்குப் புது புரோகிராம் ஏற்ற வேண்டும் என்றார்கள். சின்னவர் ஏற்றப் போனார். திரை மங்கியது. பெட்டி வந்தது. நிர்வாகி பாஸ்வேர்டு.

தன் பாதியை அடித்தார். பழக்கதோஷத்தில் அலமாரிப் பக்கம் திரும்பினார். அப்புறம்தான் உறைத்தது.

அப்பாவின் பெயரைச் சேர்த்துப் பார்த்தார். தவறு. அம்மாவின் பெயர். தவறு. அண்ணியின் பெயரை அடிக்கும்போது கை கூசியது, அதுவும் தவறு. கடை ஆரம்பித்த வருஷம், அண்ணனின் வண்டி நம்பர், அண்ணன் ஆயுசெல்லாம் அதிகம் விற்ற வெள்ளையின் பெயர். எல்லாம் தவறு. வேறு எந்தப் பெயர் அண்ணன் மனதில் இருந்திருக்கும் என்று யோசித்தபோது, ஒன்றுகூடத் தனக்குத் தெரியவில்லை என்பது சின்னவருக்குத் தெரிந்தது.

மிஷின் நின்றது. பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மொத்தமாக வண்ணம் எடுத்திருந்த கான்ட்ராக்டர் வாசலில் வந்து நின்றார். "ஸ்கூல் தொறக்கப்போகுது சின்னவரே. பிள்ளைங்க வர்றதுக்குள்ள அடிச்சுக் காயணும். உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன். வேற கடைக்குப் போயிடுவேன்." கான்ட்ராக்டர்கள் கோபித்துக்கொள்ளாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

வைரஸ் வந்தார். பார்த்தார். சிரித்தார். "அடடா, இதுக்கா இவ்வளவு? பென் டிரைவைச் சொருகி, பழைய அட்மினைத் தூக்கிட்டு, அந்த எடத்துல உங்களை உக்கார வெச்சுடறேன். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும்."

மேல்தட்டில் டப்பா அடுக்கிக்கொண்டிருந்த ஏணியின் கை நின்றது. சின்னவர் அதைப் பார்த்தார்.

"பழைய அட்மினைத் தூக்கறதுன்னா?"

"தூக்கறதுதான் சார். அவர் போட்டது எதுவும் செல்லாது. இனிமே நீங்க ஒருத்தர்தான்." பேசிக்கொண்டே வைரஸ் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி ஊதினார். "இதோ பாருங்க, இந்தப் பட்டன் பேட்டரி செத்துக் கெடக்குது. அதான் கடிகாரம் பின்னாடி ஓடுது. பெரியவர்கிட்ட எத்தனை தடவை சொல்லிட்டேன்! வேணாம், இருக்கட்டும்னுட்டார்."

"ஒரு பட்டன் பேட்டரிக்கும் பேரமா?"

"பேரமே இல்ல சார். ஓசியாப் போடறேன்னேன். அப்பவும் வேணாம்னார்."

ஓசியை வேண்டாம் என்று சொல்கிற வியாபாரியைச் சின்னவர் கேள்விப்பட்டதில்லை. அதுவும் அண்ணன்! ஆனால் அப்போது அதை நிறுத்தி யோசிக்க நேரமில்லை. "நாளைக்கு வாங்க" என்று வைரஸை அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் மனைவி சொன்னாள். "ஏங்க, செஞ்சுட வேண்டியதுதானே? ஆர்டர் போச்சுன்னா நமக்கு மட்டுமா நஷ்டம்? அந்த வீட்டு மருந்துச் செலவும் அதே கடையிலேர்ந்துதானே வரணும்?" நியாயமான பேச்சு. பதில் சொல்ல வாய் திறக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது. பிரித்த வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமில்லை, வாயும் உண்டு.

"தம்பி, கடையில அவரைத் தூக்கப்போறீங்களாமே. ஏணி சொன்னான். தூக்குங்க, வேணாங்கல. ஆனா ஆள் இன்னும் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்காருன்னு அந்த மிஷினுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

சின்னவரால் அன்று சாப்பிட முடியவில்லை.

*

காலையில் கம்ப்யூட்டர், திரை, கீபோர்டு எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஏணியும் சின்னவரும் வந்தார்கள். தன் வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்கு நடந்த சில அடிகள்தான் சின்னவருக்குப் பெரும்பாடாக இருந்தது. அண்ணி கதவைத் திறந்தாள். முதலில் வண்டியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

பெரியவர் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி போர்வை மேல் கிடந்தது. கட்டிலுக்குப் பின்னால் அந்தச் சுவர். இந்தப் பக்கமும் வெறும் சிமெண்ட்தான்.

ஏணி ஒயர்களை மாட்டினார். திரை எரிந்தது.

"அண்ணே" என்றார் சின்னவர். அந்தச் சொல் வாயிலிருந்து வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. துருப்பிடித்த பூட்டு மாதிரி கரகரத்தது. "மிஷின் நின்னுபோச்சு, அண்ணே."

"சரி."

"கம்பெனிக்காரன் சாயத்தை மாத்திட்டான். புது புரோகிராம் ஏத்தணும். பெட்டி வந்து நிக்குது."

"சரி."

"உங்களைத் தூக்கிட்டு என்னை மட்டும் போடறேன்னு வைரஸ் சொன்னான். எனக்கு இஷ்டம் இல்ல. உங்க பாதி வேணும். எப்படியாவது... விரலாலயாவது காட்டுங்க."

"சரி" என்றார் பெரியவர். ஆனால் கண் கீபோர்டின் மேல் போய் நின்றது.

சின்னவர் தன் பாதியை அடித்தார். பெட்டிக்குள் புள்ளிகள் விழுந்தன. கீபோர்டை அண்ணன் மடியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பியதும் கீபோர்டு சரிந்தது. அண்ணி முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஏணி திரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு கை இல்லை. சின்னவர் திரும்பி கீபோர்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "நான் பாக்கல, அண்ணே" என்றார் சின்னக் குழந்தை மாதிரி. பார்க்காமல் எப்படிப் பிடிப்பது?

பெரியவரின் இடது கை எழுந்தது. முதலில் போர்வை ஓரத்தைப் பிடித்து மறைப்பாக இழுக்கப் பார்த்தது. முடியவில்லை. விட்டுவிட்டது. பிறகு ஒற்றை விரல் நகர்ந்து கீபோர்டின் கீழ் மூலைக்கு வந்து, அங்கிருந்த பட்டனை அடித்தது. டக்.

எழுத்து முழுக்கத் தேய்ந்து வழவழவென்று இருந்த பட்டன் அது. துடைக்கும்போதெல்லாம் சின்னவர் கவனித்திருக்கிறார். ஏன் இது மட்டும் தேய்ந்தது என்று யோசித்ததில்லை. தனியாக அமுக்கினால் ஒன்றும் செய்யாத பட்டன். இன்னொன்றோடு சேர்த்து அமுக்கினால்தான் அதற்கு வேலை.

டக். டக். டக்.

திரையில் ஒரு புள்ளிகூடக் கூடவில்லை. சின்னவர் அடித்த புள்ளிகள் மட்டும் அப்படியே நின்றன. 'போச்சு, புத்தியும் போச்சு' என்று சின்னவருக்குக் கண் கலங்கியது. விரல் நிற்கவில்லை. நிதானமாக, நீளமாக, அலமாரியைப் பார்த்துக்கொண்டு சின்னவர் இத்தனை வருஷம் கேட்ட அதே தாளத்தில் அடித்தது. பிறகு மெல்ல நகர்ந்து பெரிய பட்டனுக்குப் போனது.

அமுக்கியது.

பெட்டி மறைந்தது. செட்டிங் திறந்தது.

ஏணி திரைக்குப் பின்னாலிருந்து நீளக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"அண்ணே" என்றார் சின்னவர். "நீங்க ஒண்ணுமே போடலியே."

"சரி."

"மொத நாள்லயே போடலியா?"

"சரி." கோணிய வாயின் நல்ல பாதி லேசாக மேலே போனது.

முழுச் சாவியும் முதல் நாளிலிருந்தே தன் கையில் இருந்திருக்கிறது. தனியாக அடித்துப் பெரிய பட்டனை அமுக்கியிருந்தால் எந்த நாளும் திறந்திருக்கும். அமுக்கிப் பார்க்கவே இல்லை. கடைசிப் பட்டன் மூத்தவருடையது. அத்தனை பெயர்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், ஒன்றுமில்லாததைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்படியானால் கடிகாரம்? ஓசிக்குக் கிடைத்தும் வாங்காத பேட்டரி? சின்னக்குட்டியின் காய்ச்சல், மருந்து, தெரியும் தெரியும்? ஒவ்வொன்றாகச் சின்னவருக்குள் விழுந்துகொண்டே இருந்தது, மேல்தட்டிலிருந்து டப்பாக்கள் சரிகிற மாதிரி. கடைசியாக விழுந்தது, இரண்டு ஸ்டூலைப் போட்டுவிட்டுக் கையில் அட்டையோடு உட்கார்ந்திருந்த அந்த நாள்.

"அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்ப நான் வரல, அண்ணே."

பெரியவர் அவரைப் பார்த்தார். முகம் பார்த்து. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

"சரி" என்றார்.

அந்தச் 'சரி' மன்னிப்பா, 'ஆமாம், வரவில்லைதான்' என்ற குத்தலா, இல்லை வழியடைத்துப் போன வாயில் வந்து நின்ற ஏதோ ஒரு வண்டியா? வியாபாரியின் பிள்ளை, எதிராளியின் ஒற்றைச் சொல்லை எடைபோட்டே பிழைத்தவர். அந்த ஒன்றை மட்டும் அவரால் எடைபோட முடியவில்லை. கேட்டுத் தெளியவும் வழியில்லை. கேட்டால் அதற்கும் சரி என்றுதான் வரும்.

அண்ணி முந்தானையால் பெரியவரின் வாயோரத்தைத் துடைத்தாள். "தம்பி, வந்த வேலையை முடிங்க" என்றாள். குரலில் கோபம் இருந்த இடம் காலியாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வண்ணம் போய்ச் சேர்ந்தது. சின்னவர் அதற்குப் பிறகு தினமும் அடுத்த வாசல் ஏறினார். கட்டிலருகே உட்கார்ந்து கடைக்கதையெல்லாம் சொன்னார். கான்ட்ராக்டர் இப்படிக் கேட்டான், நான் மூடியைத் துடைத்தேன், அவன் படிந்துவிட்டான். சரி. சின்னக்குட்டி பரீட்சையில் கோட்டை விட்டாள். சரி. சுவருக்கு ஏதாவது அடிக்கலாமா, உங்க பக்கம் நீங்க சொல்ற கலர். சரி. எந்தக் கலர் என்று சொல்ல அவரால் முடியவில்லை. கலர் அட்டையை விரித்துக் காட்டியபோது இடது கை விரல் எல்லாக் கட்டத்தின் மேலும் போய்ப் போய் வந்தது. எதிலும் நிற்கவில்லை. சின்னவர் அடுத்த நாள் வேறு அட்டை கொண்டு வருவதாகச் சொன்னார். அந்த அட்டை வந்தபோது காட்டுவதற்கு ஆள் இல்லை.

*

கொஞ்ச காலம் கழித்து வைரஸ் தூசி தட்ட வந்தார். கம்ப்யூட்டரின் தகட்டைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து புதுப் பேட்டரியை எடுத்தார்.

"இப்பவாவது மாத்திடலாமா சார்? கடிகாரம் சுத்தமாப் பின்னாடி போய்க் கெடக்கு."

"வேணாம். இருக்கட்டும்."

"ஓசிதான் சார்."

"இருக்கட்டும்யா."

வைரஸ் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தகட்டை மாட்டினார். அவர் போன பிறகு சின்னவர் ஓரத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துவந்து தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டார். கடிகாரத்தைத் தட்டினார். திரை மங்கியது. பெட்டி வந்தது. தன் பாதியை அடித்தார். கீபோர்டைக் காலி ஸ்டூல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சின்னக்குட்டி இந்தத் தடவை பாஸ் பண்ணிட்டா" என்றார் டப்பாக்களிடம்.

வாசலில் புதிதாக ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். கையில் ஒரு துண்டுச் சுவர்ப்பூச்சு. அதே நிறம் வேண்டுமாம். மிஷினைப் பார்த்தார். திரும்பி உட்கார்ந்திருக்கும் முதலாளியைப் பார்த்தார். பொறுத்துப் பார்த்தார்.

"என்னங்க, கடையில யாரும் கவனிக்க மாட்டீங்களா?"

ஏணி குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்க சார். பெரிய மொதலாளி அடிச்சுட்டு இருக்காரு."